பழைய காரின் குரோம் பம்பர்: சீர்செய்வதும் நேராக மாட்டுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் அப்பா வைத்திருந்த அம்பாசிடர் மார்க் 2 இன்னும் ஓடுகிறது. அதன் முன் பம்பருக்கு நான் இரண்டு முறை குரோம் பிளேட்டிங் போட்டிருக்கிறேன். முதல் தடவை போட்டது வீணாய்ப் போனதால்தான் இரண்டாவது தடவை. கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வந்த பம்பரை வண்டியில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்கார்டில் இடித்தது, இன்னொரு பக்கம் கட்டைவிரல் நுழைந்தது. மாட்டியபடியே கம்பி விட்டு நெம்பினோம். நெம்பிய இடத்தில் மயிரிழை விரிசல். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அங்கே செதில் செதிலாக உரிந்தது. பிளேட்டிங்குக்கு முன்பே பம்பரை வண்டியில் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நண்பர்களின் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி என்று சில வண்டிகளுக்குக் கூட நின்று வேலை பார்த்ததில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என் பம்பருக்குப் பாலிஷ் போதுமா, புது பிளேட்டிங் வேண்டுமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறத்தைப் பாருங்கள். முலாம் அடுக்கடுக்காக இருக்கும்: இரும்பின் மேல் செம்பு, அதன்மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேல் குரோம். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, நிழலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வெயிலில் எல்லாமே மின்னும். லேசான நீலம் கலந்த வெள்ளையாக இருந்தால் குரோம் இருக்கிறது. வெளிர் மஞ்சளாக, பழைய வெள்ளி டம்ளர் போலத் தெரிந்தால் அங்கே குரோம் தேய்ந்து நிக்கல் தெரிகிறது. செம்பு நிறம் தெரிந்தால் நிக்கலும் போய்விட்டது. காப்பிப்பொடி நிறம் என்றால் இரும்பு வெளியே வந்து துருப்பிடிக்கிறது.

ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தால் பாலிஷில் பல வருடம் ஓட்டலாம். கொப்புளமாக எழும்பியிருந்தால், நகத்தால் நெருடினால் செதில் வந்தால், பாலிஷுக்குச் செலவழிக்காதீர்கள். பம்பரின் பின்பக்கத்தையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று வரும் சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்று மாறினால், அங்கே தகடு மெலிந்துவிட்டது.

குரோம் துருப்பிடிக்காத உலோகம்தானே? பிறகு எப்படித் துரு வருகிறது?

குரோம் துருப்பிடிக்காது. ஆனால் அது இருக்கும் கனத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: அலங்கார முலாமில் அது அரை மைக்ரான் கூட இருக்காது. ஒரு தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான். அந்த மெல்லிய படலத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. உண்மையில் இரும்பைக் காப்பாற்றுவது அடியில் இருக்கும் நிக்கல்தான். வெயில் மழையில் நிற்கும் பொருளுக்கு நிக்கல் மட்டும் 25 முதல் 40 மைக்ரான் வரை இருக்க வேண்டும். குரோம் அதற்கு மேல் போட்ட நீலச் சாயல், தேய்மானத்துக்கு ஒரு கடினமான தோல், அவ்வளவுதான்.

ஆகவே "குரோம் நல்லா கனமா போடுங்க" என்று கடையில் சொல்வது வீண். நிக்கலைக் கனமாகப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மின்முலாம் போடும்போது மின்சாரம் மேடான இடத்துக்கும் ஓரத்துக்கும் அதிகம் போகும். குழிவான இடத்துக்குக் குறைவாகத்தான் போகும். பம்பரின் உள்பக்கம் ஒரு குழி. அங்கே முலாம் ஏறியும் ஏறாமலும் இருக்கும். துரு எப்போதும் முதுகிலிருந்து தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கே உட்கார்ந்திருப்பது இன்னொரு காரணம்.

லேசான துருவை வீட்டிலேயே எடுக்கலாமா? புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்கிறார்களே?

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. பம்பருக்கு வேண்டாம். புளியில் இருக்கும் அமிலம் மேலே தெரியும் துருவைக் கரைக்கத்தான் செய்யும். ஆனால் அந்த நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், நீங்கள் எவ்வளவு கழுவினாலும் உள்ளே இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் எல்லாவற்றுக்கும் இதே பதில். ஆசிட் இவற்றில் எல்லாம் மோசம்.

சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாள் நல்ல வேலை செய்யும். ஒரு துண்டைக் கசக்கி உருட்டி, தண்ணீரில் நனைத்து, புள்ளிகள் மேல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமைவிட மிகவும் மிருதுவானது, கீறல் விழாது. தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாக ஒரு பசை வரும். அதைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி. பிடிவாதமான இடத்துக்கு 0000 எண் ஸ்டீல் உல்லை (மிக நுண்ணிய இரும்பு நார்) எண்ணெயில் நனைத்துப் பயன்படுத்தலாம். பாத்திரம் தேய்க்கும் கம்பிநார், பொடி, உப்புத்தாள் மூன்றும் கூடவே கூடாது. முடிந்ததும் நன்றாக உலரவிட்டு மெழுகு போடுங்கள். துளைகளை அடைப்பது அந்த மெழுகுதான்.

பம்பரைக் கழற்றவே முடியவில்லை. போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலான பழைய பம்பர்களில் வெளியே தெரியும் போல்ட் தலை உருண்டையாக, ஸ்பானர் பிடிக்க இடமில்லாமல் இருக்கும். தலைக்குக் கீழே சதுரமான கழுத்து ஒன்று பம்பரின் சதுரத் துளைக்குள் உட்கார்ந்து, போல்ட் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். துருவில் அந்தச் சதுரம் வட்டமாகிவிட்டால் போல்ட்டும் நட்டும் சேர்ந்தே சுற்றும்.

முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயைப் பின்பக்கத்திலிருந்து ஊற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் நட்டை முதலில் கொஞ்சம் இறுக்கப் பாருங்கள், பிறகு தளர்த்துங்கள். அப்படியும் வரவில்லையென்றால் நட்டின் ஒரு பக்கத்தை உளியால் பிளந்துவிடுங்கள். நட்டு விலை குறைவு, பம்பர் கிடைப்பது அரிது.

கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பின் பம்பரில் அதை அனுமதிக்காதீர்கள். அம்பாசிடர், பத்மினி இரண்டிலும் பெட்ரோல் டேங்க் டிக்கிப் பக்கம்தான் இருக்கிறது.

அளவு பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. அம்பாசிடர் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த ஆங்கிலேய வண்டி. அதன் பாடி போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. பத்மினி ஃபியட் 1100 வழி வந்த இத்தாலிய வண்டி, மில்லிமீட்டர் கணக்கு. ஒன்றின் நட்டை இன்னொன்றில் 'ஏறுதே' என்று முறுக்கினால் மரை போய்விடும்.

நசுங்கிய இடத்தைக் குரோமோடு தட்டி நிமிர்த்தலாமா?

கூடாது. குரோம் கண்ணாடி மாதிரி, வளையாது, விரிசல் விடும். அடியிலுள்ள இரும்பு நிமிரும்போது மேல்படலம் நுணுக்கமாக உடையும். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது, மழை முடிந்ததும் தெரியும்.

சரியான வரிசை இது: முதலில் பிளேட்டிங் கடையில் பழைய குரோமையும் நிக்கலையும் உரிக்கச் சொல்லுங்கள். தொட்டியில் மின்சாரத்தைத் திருப்பி ஓட்டி உரிப்பார்கள். இதை வீட்டில் ஆசிட் வாளி வைத்துச் செய்து பார்க்க வேண்டாம். உரித்த இரும்பில் ஒரே இரவில் துரு பூக்கும் என்பதால் மெஷின் ஆயில் தடவி வாங்கி வாருங்கள். பிறகுதான் டிங்கரிங், அதாவது தட்டி நிமிர்த்தும் வேலை.

டிங்கர் வேலை தெரிந்தவர் பின்பக்கத்திலிருந்து தட்டி, முன்பக்கம் டாலி என்னும் கனமான இரும்புக் கட்டியைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருவார். எனக்கு வேலை செய்து கொடுத்த பெரியவர் ஒரு அட்டையை எடுத்து, பம்பரின் நல்ல பாதியின் வளைவுக்குச் சரியாக வெட்டிக்கொண்டார். அதைத் திருப்பிப் போட்டு நசுங்கிய பாதியில் வைத்துப் பார்த்தார். "தம்பி, பம்பருக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஒரு கன்னம் நல்லா இருந்தா இன்னொரு கன்னத்துக்கு அதுவே அளவு" என்றார். விலையில்லாத கருவி. அட்டைக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற இடம்தான் இன்னும் தட்ட வேண்டிய இடம்.

மேடு பள்ளத்தைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த இன்னொரு வழி: இரும்பின் மேல் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரு இழுப்பு. ஈரம் காய்வதற்குள் டியூப்லைட்டின் பிரதிபலிப்பை அதில் பார்ப்பார். கோடு நேராக ஓடினால் சரி, பாம்பு மாதிரி நெளிந்தால் அங்கே இன்னும் அலை இருக்கிறது. பளபளப்பில்லாத இரும்பில் கண்ணுக்குப் படாத அலை, குரோம் ஏறியதும் ஊருக்கே தெரியும். முலாம் எதையும் மறைக்காது.

துருவில் ஓட்டையே விழுந்திருக்கிறது. பட்டி (பெயிண்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து அடைக்கலாமா?

பெயிண்ட் அடிக்கும் இடத்தில் பட்டி பார்க்கலாம். பிளேட்டிங்குக்கு முடியாது. பட்டி மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரம் போகாத இடத்தில் நிக்கல் ஏறாது. உலோகத்தை உலோகத்தால்தான் அடைக்க வேண்டும். ஓட்டை என்றால் அதே கனத்தில் இரும்புத் தகடு வெட்டி வெல்டிங் வைத்து, சாணை பிடித்துச் சமப்படுத்த வேண்டும். சின்னக் குழிகளுக்குப் பித்தளை வெல்டிங். அதைவிடச் சின்னப் புள்ளிக் குழிகளைச் செம்பு முலாமே நிரப்பும்: கனமாகச் செம்பு ஏற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஏற்றி, மறுபடி தேய்த்து. பொறுமை கேட்கும் வேலை. பிளேட்டிங் செலவில் பெரும்பங்கு இந்தத் தேய்ப்புக்குத்தான் போகிறது.

குரோம் உரிக்காத பம்பரில் வெல்டிங் வைப்பவரைப் பார்த்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. வெல்டிங்கும் சுத்தமாகப் பிடிக்காது.

பிளேட்டிங்குக்கு முன்பே வண்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்கிறீர்களே, அது இரட்டை வேலை இல்லையா?

இரட்டை வேலைதான். நான் இந்தப் பக்கத்தில் எழுதும் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இரும்பாக இருக்கும்போது பம்பரை வளைக்கலாம், துளையை நீட்டலாம், தட்டலாம். குரோம் ஏறிய பிறகு வாஷர் வைப்பதைத் தவிர எதுவும் செய்ய முடியாது.

செய்யும் முறை இப்படி. டயர்களில் காற்று சமமாக இருக்கட்டும். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். பம்பரைப் பாடியோடு பிணைக்கும் பிராக்கெட்டுகளைத் தனியாகக் கழற்றித் துரு நீக்கி, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பம்பர் கோணலுக்குப் பாதிக் காரணம் என்றைக்கோ எவனோ பின்னால் வந்து இடித்ததில் வளைந்த பிராக்கெட்தான். இடது வலது பிராக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடிப் பிம்பமாக வைத்து ஒப்பிட்டால் வளைவு தெரிந்துவிடும். வைஸில் பிடித்து நிமிர்த்திவிடலாம்.

பிறகு எல்லா போல்ட்டுகளையும் விரலால் மட்டும் இறுக்கி மாட்டுங்கள். இங்கே ஒரு சோதனை. ஒவ்வொரு போல்ட்டும் விரலால் தள்ளினாலே துளைக்குள் போக வேண்டும். ஒன்றைச் சுத்தியலால் தட்டித்தான் இறக்க முடிகிறது என்றால் பம்பர் அங்கே முறுக்கில் நிற்கிறது. முறுக்கோடு இறுக்கினால் மேடுபள்ளத்தில் அதிர்ந்து அதிர்ந்து பிராக்கெட்டில் விரிசல் விழும், அல்லது குரோமில் விழும்.

இனி அளவு. முதலில் நடு. கிரில்லின் நடுவில் ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, பம்பரின் நடுவில் பென்சிலால் இட்ட கோடு நூலுக்கு நேராக வரும்வரை தள்ளுங்கள். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டு போதும். அடுத்து உயரம்: பம்பரின் மேல்விளிம்பிலிருந்து இரண்டு ஹெட்லைட் வளையங்களின் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு முன்பின் தூரம்: பம்பரின் இரண்டு முனைகளிலிருந்தும் அந்தந்தப் பக்கக் கதவின் முன்விளிம்புக்கு நாடா பிடியுங்கள். கடைசியாகச் சாய்வு: பம்பரின் முகம் மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்று. முகம் கொஞ்சம் கீழே கவிழ்ந்திருந்தால் வண்டியே தலைகுனிந்து நிற்பது போலிருக்கும். பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கோ கீழ் போல்ட்டுக்கோ ஒரு வாஷர் கூடுதலாக வைத்தால் சரியாகிவிடும்.

திருப்தியானதும் பிராக்கெட்டைப் பாடியோடு முதலில் இறுக்குங்கள், பம்பரைப் பிராக்கெட்டோடு அடுத்து, ஓவர்ரைடரை (பம்பர் மேல் கொம்பு மாதிரி நிற்கும் துண்டு) கடைசியில். ஒவ்வொரு கட்டத்திலும் நாடாவை மறுபடி பிடியுங்கள், இறுக்கும்போது நகரும். எந்த போல்ட்டில் எத்தனை வாஷர் என்று எழுதி, படமும் எடுத்து வையுங்கள். பிளேட்டிங் முடிந்து வந்ததும் அதே எண்ணிக்கை அதே இடத்தில் போக வேண்டும்.

எல்லா அளவும் சரி. ஆனால் வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் பம்பர் சாய்ந்துதான் தெரிகிறது. ஏன்?

தரையிலிருந்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் சாய்ந்திருப்பது பம்பர் இல்லை, வண்டி. அம்பாசிடரின் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுகி வில்லாக வேலை செய்யும் கம்பி. அரை நூற்றாண்டாக டிரைவர் ஒரே பக்கம் உட்கார்ந்து ஒரு பார் தளர்ந்திருக்கும். பின்பக்கம் பட்டை வில், அதிலும் ஒன்று தளர்வது சகஜம். பம்பரைத் தரைக்குச் சமமாக மாட்டினால் அது பாடிக்குக் கோணலாகும்; பிறகு ஒருநாள் சஸ்பென்ஷன் வேலை பார்த்ததும் பம்பர் மட்டும் வேறு திசையில் நிற்கும். அதனால்தான் மேலே எல்லா அளவையும் பாடியிலிருந்து எடுக்கச் சொன்னேன். ரசமட்டத்தைப் பம்பர் மேல் வைத்து நேராக்குகிறவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

பாடியே கோணல் என்றால்? அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சேசிஸ். முன்னால் பலமாக இடித்த வண்டியில் பிராக்கெட் பூட்டும் இடமே உள்ளே போயிருக்கும். அதை வாஷரால் சமாளிக்கலாம், ஆனால் அது சமாளிப்புதான். நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை வேறு: அதற்குத் தனி சேசிஸ், பாடி துண்டு துண்டாக அதன்மேல் போல்ட் போட்டு நிற்கும். ஹெரால்டு வைத்திருப்பவர் முதலில் பாடித் துண்டுகளின் இடைவெளிகளைச் சரிசெய்துவிட்டுப் பம்பருக்கு வரவேண்டும்.

பம்பருக்கும் பாடிக்கும் எவ்வளவு இடைவெளி சரி?

இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். 2, 3 மில்லிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அவ்வளவு இருந்திருக்கும். பம்பர் எங்கேயும் பெயிண்டைத் தொடக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு.

பிளேட்டிங் கடையில் என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும்?

முதலில் எண்ணிக்கை. எத்தனை துண்டு கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொட்டியின் அடியில் விழுந்த சின்னத் துண்டைத் தேடி எடுத்துத் தர யாருக்கும் நேரமிருக்காது. பேப்பர் சீட்டு ஆசிட்டில் கரைந்துவிடும். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று அடையாளம் அடித்துவிடுங்கள்.

அடுத்து பஃபிங், அதாவது சுழலும் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவது. இங்கேதான் பல பழைய பம்பர்கள் உயிரை விடுகின்றன. பஃபிங் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் கூரான விளிம்பு வழுக்கிவிடும், போல்ட் துளையைச் சுற்றித் தட்டு மாதிரி பள்ளம் விழும், துளையும் பெரிதாகும். மாதிரிக்கு ஒரு பழைய துண்டைக் காட்டச் சொல்லி, அதில் துளையோரத்தைப் பாருங்கள். பிரதிபலிப்பு துளைக்கு அருகில் வளைந்தால் வேறு கடை தேடலாம்.

மூன்றாவது, நிக்கல் எத்தனை தொட்டி? கடலோர ஊரென்றால் இரட்டை நிக்கல் கேளுங்கள். முதலில் அரைப்பளபளப்பு நிக்கல், அதன்மேல் பளபளப்பு நிக்கல். அரிப்பு மேல் அடுக்கிலேயே பக்கவாட்டில் பரவி நின்றுவிடும், இரும்புவரை சீக்கிரம் இறங்காது. எல்லாக் கடைகளிலும் இந்த வசதி இருக்காது. இருக்கும் கடை கூடுதல் பணம் கேட்டால் கொடுக்கலாம்.

முதுகுக்கு ஏதாவது செய்வார்களா என்று கேட்பதில் பயனில்லை. அதை நீங்களே செய்யுங்கள். பம்பர் வந்ததும் பின்பக்கத்தைச் சுத்தம் செய்து, ப்ரைமரும் வெள்ளிநிறப் பெயிண்டும் இரண்டு கோட் அடித்துவிடுங்கள்.

விளக்கு வளையம், பேர்ப்பலகை எழுத்து, ஓவர்ரைடர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்துவிடலாமா?

முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு; பம்பரோடு போகலாம். ஒட்டவில்லை, கையில் கனமாக இருக்கிறது, மேலே அம்மைத் தழும்பு போலக் கொப்புளங்கள் என்றால் அது துத்தநாக வார்ப்பு. அதை இரும்போடு சேர்த்து உரிக்கும் தொட்டியில் போட்டால் பாதி கரைந்து வரும். துத்தநாகத்துக்கு முதல் செம்பு தனி வகைத் தொட்டியில் ஏற வேண்டும். சாதாரண அமிலச் செம்புத் தொட்டி அதை அரித்துவிடும். 'இது துத்தநாகம்' என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள், தனிப் பையில்.

போல்ட்டுகளுக்கும் குரோம் போட்டுவிடலாமே?

வெளியே தெரியும் உருண்டைத் தலை போல்ட்டுகளுக்கு மட்டும், மரையில் மெழுகோ டேப்போ சுற்றிப் போடலாம். பாரம் தாங்கும் உயர்பல போல்ட்டுகளுக்குப் போடாதீர்கள். முலாம் போடும்போது உருவாகும் ஹைட்ரஜன் கடின எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கக்கூடியதாக்கிவிடும். பிளேட்டிங் முடிந்த உடனே 200 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் சூட்டில் வைத்தால்தான் அது வெளியேறும். நம் பக்கத்துக் கடையில் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. பம்பருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத போல்ட் எதற்கு மின்ன வேண்டும்?

பிளேட்டிங் முடிந்து வந்த பம்பரை மாட்டும்போது என்ன கவனம் வேண்டும்?

இரண்டு பேர் வேண்டும். மட்கார்டு ஓரங்களில் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு, தரையில் பழைய போர்வை. மோதிரம், வாட்சைக் கழற்றி வையுங்கள். ஓவர்ரைடருக்கும் பம்பருக்கும் நடுவே ரப்பர் பீடிங் இல்லாமல் மாட்டாதீர்கள். குரோமும் குரோமும் உரசினால் அந்த இடத்தில்தான் முதல் துரு. ஸ்பானர் நழுவினால் கீறல் நிச்சயம், அதனால் ரிங் ஸ்பானரோ சாக்கெட்டோ மட்டும். மரையில் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். அடுத்த தடவை கழற்றப் போவதும் நீங்கள்தானே.

எவர்சில்வர் பம்பர் செய்து விற்கிறார்களே, அது நல்லதா? குரோம் ஸ்ப்ரே?

எவர்சில்வர் பம்பர் துருப்பிடிக்காது, கடலோரத்துக்கு நல்லது, தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிறம் வேறு: குரோமின் நீலச்சாயல் அதில் வராது, கிரில் குரோமாக இருந்து பம்பர் எவர்சில்வராக இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது உறுத்தும். செய்தவர் வளைவைச் சரியாகப் பிடித்திருக்கிறாரா என்று வாங்குமுன் அட்டை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ரே என்பது பெயிண்ட். முதல் நாள் அழகு.

பழைய அசல் பம்பர் கிடைத்தால் அதுவே மேல். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடுகிறவர்கள் குரோமைப் பார்த்து மயங்க வேண்டாம். உரிந்து கறுத்திருந்தாலும் வளையாத, ஓட்டை விழாத, முன்பு பித்தளை அடைப்பு வைக்காத இரும்புதான் நல்ல சரக்கு. முதுகைத் திருப்பிப் பாருங்கள்; பித்தளை அடைப்பு அங்கே மஞ்சளாகக் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் தாத்தா காலத்து 1920களின் வண்டி. அதற்கும் குரோம்தானா?

பெரும்பாலும் இல்லை. கார்களில் குரோம் முலாம் பரவலானது 1920களின் பிற்பாதியில்தான். அதற்கு முன் மின்னியதெல்லாம் நிக்கல் அல்லது தேய்த்த பித்தளை. நிக்கல் வண்டிக்கு நீலக் குரோம் போடுவது, பழைய செப்புச்சிலைக்கு எனாமல் அடிப்பது போல. நிக்கலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மங்கும், அடிக்கடி துடைக்க வேண்டும். அந்த இளமஞ்சள் வெளிச்சம் அதற்கே உரியது.

இப்படிப் பம்பரை மாற்றினால் பழைய வண்டிப் பதிவுக்குச் சிக்கல் வருமா?

2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவு ஆகி 50 ஆண்டுக்கு மேலான, அசல் வடிவில் பராமரிக்கப்பட்ட வண்டி விண்டேஜ் வகையில் சேரும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இருந்த பம்பருக்கே முலாம் போடுவது அந்த மாற்றத்தில் வராது. ஆனால் பம்பருக்கு முன்னால் கூடுதலாக இரும்புக் குழாய் கிராஷ் கார்டு போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. தவிர, அந்தக் குழாயைத் தாங்குவதற்காகப் போடும் கூடுதல் துளைகள்தான் பல நல்ல பம்பர்களைக் கெடுத்திருக்கின்றன.

கடற்கரை ஊரில் இருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ன செய்ய வேண்டும்?

கடலோரம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பம்பரின் முதுகுக்கும் ஹோஸைத் திருப்புங்கள். உப்புநீர் போர்வெல் என்றால் அந்தத் தண்ணீரே வேண்டாம். ஒரு குடம் குடிநீர் போதும். மாதம் ஒருமுறை மெழுகு. மழைக்காலத்துக்கு முன் முதுகில் கெட்டியான எண்ணெயோ அடிப்பூச்சோ ஒரு கோட். வண்டியை மூடிவைக்கும்போது பிளாஸ்டிக் தார்ப்பாயைப் பம்பரோடு ஒட்டிக் கட்டாதீர்கள். இரவில் வேர்க்கும் ஈரம் உள்ளேயே நிற்கும். என் அம்பாசிடரின் பின் பம்பரில், தார்ப்பாயின் கயிறு தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும், சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இப்போதும் இருக்கிறது.